பாதிக் கோடு

கண் விழித்ததும் அவன் கை தானாகக் கட்டிலோர மேசைக்குப் போயிற்று. போன் வெதுவெதுப்பாக இருந்தது. பகல் முழுக்கச் சும்மா கிடந்த பொருளுக்கு இருக்கக்கூடாத வெதுவெதுப்பு. வயர் இல்லாமல் சார்ஜ் ஏற்றும் அந்த வட்டத் தட்டின் மேல் காலையில் வைத்தது, சாயங்காலம் ஆகியும் பாதிகூட நிறையவில்லை. ஏறாத கரண்ட் எங்கே போயிற்று? சூடாகப் போயிற்று. லிஃப்ட் மோட்டாரானாலும் சரி, இந்தக் கையகலப் பெட்டியானாலும் சரி, வேலையாக மாறாத கரண்ட் சூடாகத்தான் மாறும். அது அவனுக்குத் தெரியும். ஏன் மாறுகிறது என்பதுதான் பிடிபடவில்லை.

அவன் லிஃப்ட் மெக்கானிக். இரவெல்லாம் பழுது பார்க்க அலைந்துவிட்டுக் காலையில் வந்து படுப்பான். பகலில் அவன் தூங்கலாம், போன் தூங்கக்கூடாது. பகல் வேலை ஆட்கள் வேறெங்காவது மாட்டிக்கொண்டால் கம்பெனி அவனைத்தான் கூப்பிடும். மணிச் சத்தம் வைக்கமாட்டான். மேசைப் பலகை அதிர்ந்தால் போதும், எழுந்து உட்கார்ந்துவிடுவான். இத்தனை வருஷம் அப்படித்தான் ஓடியது, போன மாதம் வரை. அன்றைக்குப் படுக்கும்போது உயிரோடு இருந்த போன், எழுந்தபோது தட்டின் மேல் கட்டையாகக் கிடந்தது. அதே நேரத்தில் ஏதோ ஒரு குடியிருப்பில் நிறைமாதக்காரி ஒருத்தி, இரண்டு மாடிகளுக்கு நடுவே நின்றுபோன லிஃப்டுக்குள் தரையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். ஊரின் மறுகோடியிலிருந்து வேறொருவன் வந்து கதவைத் திறந்தான். அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆகியிருந்தால் என்ற நினைப்பு இவனை விடவில்லை.

தொண்டையாலேயே 'சைரன்' என்று பேர் வாங்கிய சூப்பர்வைசர் எல்லோர் முன்னாலும் கேட்டார். "போன் செத்துப்போச்சா? அடடா. துக்கம் விசாரிக்க எப்ப வரட்டும்?" மற்றவர்கள் சிரித்து முடித்ததும் குரலை இறக்கினார். அவர் குரலை இறக்கினால்தான் பயப்பட வேண்டும். "இன்னொரு தடவை நீ போன் எடுக்கலைன்னு வச்சுக்க, புது லிஃப்ட் மாட்டுற கோஷ்டியோட வெளியூர் கிளம்பிடு. புதுக் கட்டடம், தகர ஷெட்டு, வருஷக்கணக்கா கெடக்கலாம். சொல்லலைன்னு சொல்லாத."

இதை அவன் மனைவியிடம் சொல்லவில்லை. மறைக்க வேண்டும் என்றில்லை. வேலையிடத்தில் அவனுக்குக் 'கிணறு' என்று பேர்; போட்டது உள்ளே போகும், சத்தம் வர நேரமாகும். வீட்டிலும் அப்படித்தான். சொல்லலாம் என்று வாயெடுப்பதற்குள் அவள் வேறு பேச்சுக்குப் போயிருப்பாள், அல்லது வேலைக்குப் போக நேரமாகியிருக்கும்.

முதலில் அவன் சந்தேகப்பட்டது தட்டை. தட்டைக் கொடுத்தவன் மச்சான், மனைவியின் தம்பி. சட்டைப் பையில் சேரும் இரும்புத் தூளும் கிரீஸும் போனின் சார்ஜ் துளையை அடைத்து, வயர் நிற்காமல் போனபோது, தன் போன் சாமான் கடையிலிருந்து அதை எடுத்துவந்து பெருமையாக வைத்தான். அன்றிலிருந்துதான் பேட்டரி இறங்குமுகம். போனே காட்டுகிறது, புதிதில் இருந்த திறனில் இப்போது எவ்வளவு மிச்சம் என்று. தட்டு வந்த பிறகு அந்த எண் வழுக்கிக்கொண்டே வருகிறது. கடைக்குப் போய் நின்றான்.

"மாப்ள, விக்காத சரக்கைத் தலையில கட்டிட்டியா?"

"மாமா, தட்டு மேல கை வச்சு சொல்றேன், ஒரிஜினல்."

"அது மேல சத்தியம் பண்ணா அதுக்கு எப்படிடா தெரியும், அதுவே டூப்ளிகேட்டுன்னா?"

மச்சான் சிரித்தான். இவன் சிரிக்கவில்லை. அப்படியே எதிர்வரிசைக்கு நடந்து, பலகையில் 'போன் டாக்டர்' என்று எழுதி வைத்திருந்த பழுது பார்ப்பவரிடம் போய், போன் செத்துக் கிடந்த அந்தப் பகலைப் பற்றிச் சொன்னான். அவர் போனைப் புறங்கையில் வைத்துப் பார்த்தார், உறையைக் கழற்றினார், மறுபடி மாட்டினார்.

"வயர்ல ஏறுதா வயர் இல்லாம ஏறுதான்னு பேட்டரிக்குத் தெரியாதுங்க. அதுக்குத் தெரிஞ்சது சூடு ஒண்ணுதான். தட்டுல நடுவுல உக்காந்தா ஒழுங்கா ஏறும். ஒரு விரல்கடை தள்ளி உக்காந்தா ஏறாது, சும்மா கொதிக்கும். தினம் கொதிச்சா சீக்கிரம் கிழவனாயிடும்."

"அப்ப தட்டுனால இல்லையா?"

"தட்டுனாலயும் இருக்கலாம். வயசுனாலயும் இருக்கலாம். வைக்கிற கையினாலயும் இருக்கலாம்." போனைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டே கேட்டார். "அன்னைக்குத் தானா அணைஞ்சுதா, யாராச்சும் அணைச்சாங்களா?"

அவர் அடுத்த ஆளிடம் பேச ஆரம்பித்துவிட்டார்.

அவன் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. முக்கியமான நட்டுகளை முறுக்கி முடித்ததும், நட்டின் மேலும் அடியிலிருக்கும் தகட்டின் மேலும் சேர்த்து வெள்ளைப் பெயின்ட் பேனாவால் ஒரே கோடாக இழுத்துவிடுவார்கள். அடுத்த முறை வரும்போது கோடு சேர்ந்திருந்தால் நட்டு அசையவில்லை. பாதி இங்கே பாதி அங்கே என்று விலகியிருந்தால் அசைந்திருக்கிறது. சாட்சி கேட்க வேண்டியதில்லை. மறுநாள் காலை, தட்டின் நட்டநடுவில் போனை வைத்து, உறையின் ஓரத்திலிருந்து தட்டின் விளிம்புக்கு மெல்லிசாக ஒரு கோடு இழுத்தான். பிறகு படுத்தான்.

எழுந்தபோது கோடு விலகியிருந்தது.

வீட்டில் இரண்டே பேர். அவள் ஒரு சலவைக் கடையில் இஸ்திரிப் பிரிவில் வேலை செய்கிறாள். மதியம் திரும்பி வந்தால், அவன் தூக்கம் கெடாமல் பூனைபோல் நடந்து வேலைகளை முடிப்பாள். அந்தப் பூனை நடை இதுவரை அவனுக்கு அக்கறையாகப் பட்டது. இப்போது, சத்தமில்லாமல் நடக்கப் பழகிய ஒருத்தியோடு இவ்வளவு காலம் இருந்திருக்கிறோம் என்று பட்டது.

"மத்தியானம் யாராச்சும் வந்தாங்களா?"

"யாரு வருவா, என்னைத் தவிர?" ஈரத் துண்டை உதறிக் கொடியில் போட்டாள். "ஏங்க, கண்ணெல்லாம் செவந்திருக்கு. ஒரு நாளாவது அந்தப் போனைத் தூக்கிக் கடாசிட்டு முழுசா தூங்குங்களேன்."

அவன் கடாசிட்டு என்ற சொல்லை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டான். இரவு ஒரு மோட்டார் அறையில் கம்பிவடத்துக்கு அடியில் குனிந்திருக்கும்போதுகூட அது வந்தது. அவள் யாரோடாவது பேசுகிறாளா? பேச அவளுக்குச் சொந்தமாகப் போன் இருக்கிறதே. அப்படியானால் இவன் யாரோடு பேசுகிறான் என்று பார்க்கிறாளா? ஒன்றுமே பேசாதவன் போனில் பார்க்க என்ன இருக்கிறது? யோசிக்க யோசிக்க, பேசாதவன் போனில்தான் பார்க்க ஏதாவது இருக்கும் என்று நினைக்க அவளுக்கு எல்லாக் காரணமும் இருப்பதாகத் தோன்றியது.

அடுத்த காலை வேண்டுமென்றே கோட்டை மயிரிழை விலக்கி வைத்தான். பாதிக்கும் பாதிக்கும் நடுவே ஒரு நூல் நுழையும் இடைவெளி. பார்க்கிறவன் அறிந்து பார்த்தால்தான் தெரியும். சாயங்காலம் எழுந்தபோது கோடு சேர்ந்திருந்தது. ஒரே வீச்சில் இழுத்ததுபோல் அப்படியொரு சேர்ச்சி.

விலகியிருந்ததைவிட இது அவனைக் கலக்கியது. யாரோ கோட்டைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். அது எதற்கு என்று புரிந்துகொண்டு சரியாக வைத்திருக்கிறார்கள். தடயத்தை அழிப்பவர்கள் அப்படித்தான் செய்வார்கள். மடிப்போடு மடிப்பு சேராவிட்டால் சட்டையைப் பிரித்து மறுபடி மடிக்கிற கையும் அப்படித்தான் செய்யும். வீட்டில் மேசை விரிப்பு கோணலாக இருந்தால், அவள் கடந்துபோகிற போக்கிலேயே இழுத்துச் சரி செய்வாள். இரண்டில் எது? நட்டு அசைந்தால் கோடு சொல்லும். யார் அசைத்தார்கள், எதற்கு என்று எந்தக் கோடும் சொல்லாது.

மறுநாள் அவன் தூங்கவில்லை. கோட்டைச் சேர்த்து வைத்துவிட்டு, சுவரைப் பார்க்காமல் மேசையைப் பார்த்து ஒருக்களித்துப் படுத்தான். முகத்தைப் போர்வை விளிம்பில் பாதி புதைத்து, இமையில் ஒரு கீற்று மட்டும் திறந்து வைத்தான். மதியம் வாசல் தாழ்ப்பாள் விழுந்தது. நீராவி ஏறிய துணி வாசனை அறைக்குள் அவளுக்கு முன்னால் வந்தது. அவள் வந்து நின்று முதலில் அவன் முகத்தைப் பார்த்தாள். மூச்சை ஒரே சீராக விட்டான். தூங்குகிறவன் எப்படி மூச்சு விடுவான் என்று யோசித்து விட வேண்டியிருந்தது.

அவள் போனை எடுத்தாள். புறங்கையில் ஒட்டி வைத்தாள், பிறகு கன்னத்தில். இஸ்திரிப் பெட்டியின் சூடு பார்த்துப் பழகிய கை. உதட்டைக் குவித்துப் போனின் முதுகில் இரண்டு முறை ஊதினாள், தட்டையும் தொட்டுப் பார்த்தாள். இவ்வளவுதானா? இதற்குத்தானா? எழுந்து உட்கார்ந்து, சைரன் சொன்னதை, நிறைமாதக்காரியை, தகர ஷெட்டை, எல்லாவற்றையும் இப்போதே சொல்லிவிடலாம் என்று வாய் திறக்கப் போன நேரத்தில் அவள் கைக்குள் போன் ஒளிர்ந்தது.

மேசை அதிரவில்லை. போன் மேசையில் இல்லை. அவள் உள்ளங்கைதான் அந்த அதிர்வை முழுக்க வாங்கிக்கொண்டது. சைரன் என்றுதான் திரையில் பேர் வந்திருக்கும். வேறு யாரும் இந்த நேரத்தில் கூப்பிடுவதில்லை. கண்ணைத் திறந்து கையை நீட்டினால் முடிந்தது. அவன் நீட்டவில்லை. எழுப்புவாளா என்று பார்க்க வேண்டும் போலிருந்தது. போன மாதம் அந்தப் பகலில் என்ன நடந்தது என்பது இந்த ஒரு நிமிஷத்தில் தெரிந்துவிடும் போலிருந்தது. மூச்சு சீர் தவறாமல் பார்த்துக்கொண்டான்.

அவள் திரையைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள். கட்டிலை நோக்கி ஒரு அடி வைத்தாள். அங்கேயே நின்றாள். இன்னொரு கையைப் போனின் மேல் பொத்தினாள். விரலிடுக்குகளில் வெளிச்சம் விட்டுவிட்டுத் துடித்தது. திரைச்சீலையிட்ட அறையில் அது அவள் கழுத்து வரைக்கும் எட்டியது, முகம் வரைக்கும் எட்டவில்லை. அவளுக்குப் பின்னால் மேசையில், எதையாவது வைப்பார்கள் என்று சின்ன விளக்கைச் சிமிட்டிக்கொண்டு காலித் தட்டு கிடந்தது, அதன் விளிம்பில் பாதிக் கோட்டோடு.