முத்துப்பேச்சியின் நம்பர்

கேட்டுக்குப் பக்கத்தில் மாட்டியிருந்த தகரப் பெட்டிக்குள் போன் அலறியது.

வாட்ச்மேன் உக்கிரபாண்டி டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டு ஓடினார். வெம்பக்கோட்டை ரோட்டில் இருந்த அந்தப் பட்டாசு கம்பெனியில், வேலைக்கு வருகிறவர்கள் போனைக் கேட்டிலேயே கொடுத்துவிட வேண்டும். வெடிமருந்து இருக்கிற இடத்துக்குப் போன் போகக் கூடாது. பெட்டிக்குள் ஆளுக்கொரு துணிப்பையில் போன்கள் நாளெல்லாம் தொங்கும். எது அடித்தாலும் உக்கிரபாண்டி அசைய மாட்டார். முத்துப்பேச்சியின் போனுக்கு மட்டும் ஓடுவார்.

அவள் கேட்டுக்கொண்டது அப்படி.

"மாமா, புது நம்பர் எது வந்தாலும் எடுத்துருங்க. பேச்சி வேலையில இருக்கா, சாயங்காலம் வெளிய வருவா, மறுபடி கூப்பிடுங்கன்னு சொல்லுங்க. அவுகளா இருந்தாலும் இருக்கும்."

அவுக என்றால் செல்லப்பாண்டி. அவள் புருஷன். போன வருஷம் ஆடிக் கடைசி வெள்ளிக்கு இருக்கன்குடி கோயிலுக்குப் போன இடத்தில், அண்ணன் தம்பிகள் முன்னால் பேச்சி ஒரு வார்த்தை விட்டுவிட்டாள். "சம்பாதிக்கத் துப்பில்ல, ரோசத்துக்கு மட்டும் கொறச்சலில்ல." அவன் எழுந்து போய் ஏதோ ஒரு பஸ்ஸில் ஏறினான். அதன்பிறகு அவன் போன் அணைந்தேதான் கிடந்தது. ஆந்திராப் பக்கம் போர்வெல் போடும் லாரியில் பார்த்ததாக ஒருவர் வந்து சொன்னார். அம்புட்டுத்தான்.

கல்யாணமான புதிதில் பேச்சியின் போனில் இருக்கும் சிம்மை அவளுக்கு வாங்கிக் கொடுத்தவனே அவன்தான். அதன் நம்பரைப் பார்க்காமல் சொல்வான். அவன் மனப்பாடமாய் வைத்திருந்த ஒரே நம்பர். சாப்பாட்டுக்கு இல்லாவிட்டாலும் அவள் அதற்கு ரீசார்ஜ் செய்துவிடுவாள்.

உக்கிரபாண்டி எடுத்தார். "ஹலோ, பேச்சி போனுதான். யாரு?"

"சார், கஸ்டமர் கேர்லருந்து பேசுறோம். இந்தப் போன்ல வைரஸ் ஏறியிருக்கு. உடனே சரி பண்ணலேன்னா நம்பர் இன்னைக்கே கட்டாகி வேற ஆளுக்குப் போயிடும்."

"ஐயையோ. அந்தப் பிள்ள உள்ள வேலை பாக்குதே."

"உங்ககிட்ட போன் இருக்குல்ல, போதும். நான் சொல்றத அழுத்துங்க."

உள்ளே திரி வைக்கிற ரூமுக்கு ஓடிப்போய்க் கேட்க முடியாது. கேட்டை விட்டு நகர்ந்தால் போர்மேன் தோலை உரித்துவிடுவார். நம்பர் போய்விட்டால் பேச்சி உயிரையே விட்டுவிடுவாள் என்று அவருக்குத் தெரியும். போனைத் திறக்கவும் அவள் சொல்லிக் கொடுத்திருந்தாள். போனில் பேசியவன் சொன்ன நம்பரை ஸ்டார் போட்டு அடித்தார். வந்த லிங்கைத் தொட்டார். ஏதோ ஒன்று இறங்கியது. கேட்டதற்கெல்லாம் சரி, சரி என்று அழுத்தினார்.

சாயங்காலம் அவளிடம் பெருமையாகச் சொன்னார். "ஒன் நம்பர இன்னைக்கு நாந்தான் காப்பாத்துனேன் தாயி!"

பேச்சி அவரைக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

அதன்பிறகு அந்தப் போன் அடிக்கவே இல்லை. அவளுக்கு வருவதே எப்போதாவதுதான் என்பதால் அவளும் கவனிக்கவில்லை. ஆடிக் கடைசி நெருங்கியது. இந்த வாரம் அவனுக்கும் அந்தக் கோயில் ஞாபகம் வராமலா போகும்? ராத்திரி போனைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டாள். சோறு வடிக்கையில் இடுப்பில் செருகிக்கொண்டாள்.

திங்கட்கிழமை கேட்டில் வைத்துப் பாண்டிமீனா அவளைப் பிடித்துக்கொண்டாள். ஒரே ரூமில் வேலை பார்ப்பவள். வாய் நீளம்.

"ஏட்டி, வீட்ல எந்த ஊரு மாப்பிள்ளையக் கொண்டாந்து வச்சிருக்க?"

"என்னத்த ஒளறுத?"

"இருக்கன்குடிக்கு வாரியான்னு கேக்க நேத்து அடிச்சேன். ஒரு ஆம்பள எடுத்து யாருங்கான். கொரல் வேற நல்லாத்தான் இருக்கு!"

"போன் என் மடியிலதான்டி கெடந்துச்சு. அடிக்கவே இல்லையே!"

பாண்டிமீனா சிரிப்பை நிறுத்தினாள். அங்கனயே தன் போனை எடுத்து அடித்தாள். பேச்சியின் கையில் இருந்த போன் சும்மா கிடந்தது. பாண்டிமீனாவின் போனில் ஒரு ஆண் குரல், "ஹலோ, யாரு?" என்றது.

ஆபீசில் கம்ப்யூட்டர் பார்க்கும் ரோஷினியிடம் இருவரும் ஓடினார்கள். அவள் முதலில் நெட்டை அணைத்தாள்.

"அக்கா, இது கால் ஃபார்வர்டு. உங்களுக்கு வர்ற கால் பூராவும் இன்னொருத்தனுக்குப் போகுது. பேங்க்லருந்து கூப்பிட்டா அவனே எடுத்து உங்க வீட்டாளு மாதிரிப் பேசிக்கிடுவான். எந்தக் கம்பெனிக்காரனும் இப்படிக் கூப்பிட்டு அத அழுத்து, இத இறக்குன்னு சொல்ல மாட்டான்க்கா. சொன்னா அவன் திருடன்தான்."

ஸ்டார், ஹேஷ், இருபத்தொன்று, ஹேஷ் என்று அடித்தாள். கால்கள் எந்த நம்பருக்குப் போகின்றன என்று திரையில் வந்தது. புகாருக்கு வேண்டும் என்று குறித்துக்கொண்டாள். பிறகு ஹேஷ் ஹேஷ் 002 ஹேஷ் அடித்து எல்லாவற்றையும் ரத்து செய்தாள். இறங்கியிருந்த ஆப்பைத் தூக்கினாள். பாஸ்புக்கில் இருந்த நம்பருக்குப் பேசி பேங்கில் சொன்னாள். சைபர் மோசடிக்கான போலீஸ் நம்பர் 1930-க்கும் புகார் கொடுத்தாள்.

"நல்லவேளை, கணக்குல இன்னும் கை வைக்கலையாம். நம்பருக்கும் ஒண்ணும் ஆகாது."

பேச்சி காசைப் பற்றிக் கேட்கவே இல்லை. "இடையில எனக்கு யாரு யாரு கூப்பிட்டாகன்னு பாக்க முடியுமா பாப்பா?"

"இதுல இருக்காதுக்கா. எல்லாம் அவன் போனுக்குல்ல போயிருக்கும். கோவத்துல அவனுக்குத் திரும்ப அடிச்சிராதீங்க, என்ன?"

கேட்டில் உக்கிரபாண்டி துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். "நல்லது பண்றோம்னுல்ல தாயி நெனச்சேன்." பேச்சிக்கு அவரைத் திட்ட வாய் வரவில்லை.

சாயங்காலம் கம்பெனி வேனில் இருந்து இறங்கியதும் பாண்டிமீனாவிடம் கை நீட்டினாள்.

"ஒன் போனக் குடு."

"எதுக்கு?"

திரையில் பார்த்த நம்பர் பேச்சிக்கு அப்படியே நினைவில் இருந்தது. அடிக்க ஆரம்பித்ததும் பாண்டிமீனாவுக்குப் புரிந்துவிட்டது.

"கூறு கெட்டவளே, அந்தப் பிள்ள அம்புட்டுச் சொல்லுச்சே! அந்தக் களவாணிகிட்டயா கெஞ்சப் போற?"

"அவனுக்கு மட்டுந்தான தெரியும்" என்றாள் பேச்சி.

ரிங் போனது. எடுத்தான்.

"நான் முத்துப்பேச்சி பேசுறேன். வெம்பக்கோட்டை. என் நம்பர நீங்க திருப்பி வச்சிருந்தீகல்ல."

அவன் போனை வைக்கவில்லை.

"வச்சிராதீக. நான் சண்டைக்கு வரல. ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. எனக்குன்னு ஆம்பளையாளு யாராச்சும் கூப்பிட்டாகளா? கொரல் கொஞ்சம் கரகரன்னு இருக்கும். பேச்சின்னுதான் கேட்டிருப்பாக. கூப்பிட்டாகளா, இல்லையா? அது மட்டும் போதும்."

அவன் சொன்னான்.

"ஒருத்தர் கூப்பிட்டார்மா. நீ யாருன்னு கேட்டார். பேங்க் ஆளோன்னு பயந்து, நான் அவங்க வீட்டுக்காரன்னு சொல்லிட்டேன். நல்லாப் பாத்துக்கோங்கன்னு சொல்லி வச்சிட்டார்."