பாலத்தின் நடுவில் நின்ற லாரி

புதுவயல் ரோட்டில் நெல் லாரி போகும்போதெல்லாம் அந்தப் பாலம் அதிரும். பைக்கில் வருகிறவர்கள் பயந்து ஓரமாக நின்றுவிடுவார்கள். அதை அடக்கத்தான் பாலத்துக்கு அடியில் ஸ்பிரிங்கில் பெரிய இரும்பு எடைகளைத் தொங்கவிட்டிருந்தார்கள். பாலத்தின் ஆட்டத்தை அந்த எடைகள் வாங்கிக்கொள்ள வேண்டும்.

அன்று காலை போக்குவரத்தை நிறுத்திச் சோதனை. நெடுஞ்சாலைத் துறைப் பொறியாளர் சத்தியப்பிரியா லேப்டாப்போடு ஒரு முனையில் நின்றாள். மூட்டை ஏற்றிய லாரியை வேல்பாண்டி ஓட்டிப் போனார். திரையில் பாலத்தின் ஆட்டத்தைக் காட்டும் கோடு பழையபடியே துள்ளியது. பக்கத்தில் நின்றவனிடம் திரும்பினாள்.

"கொண்டுவரும்போது எடை ஆடக்கூடாதுன்னு முடுக்குன போல்ட்டைக் கழட்டுனாங்களா?"

இளநிலைப் பொறியாளன் உதயகுமார் விழித்தான். ஸ்பானரை எடுத்துக்கொண்டு கீழே ஓடி, அடியில் கட்டியிருந்த சாரத்தில் ஏறினான். மறுமுனையில் வேல்பாண்டி லாரியைத் திருப்பி நிறுத்தி, அவள் கைகாட்டக் காத்திருந்தார்.

"கழட்டியாச்சு மேடம்!" கீழேயிருந்து குரல் வந்தது.

"சரி, மேல வாங்க!" கைப்பிடிச் சுவரில் குனிந்து, கையை வீசிக் கூப்பிட்டாள்.

லாரி உறுமிக் கிளம்பியது.

ஒரு நொடி அவளுக்குப் புரியவில்லை. புரிந்ததும் நடுரோட்டில் ஓடினாள். "நிறுத்துங்க! அடியில ஆள் இருக்கு!"

வேல்பாண்டி பிரேக்கை மிதித்தார். பாலத்தின் நடுவில் லாரி குலுங்கி நின்றது. காலுக்கடியில் தளம் எழும்பித் தாழ்ந்தது.

"உதயா!"

கைப்பிடிச் சுவருக்கு ஓடினாள். எட்டிப் பார்க்கவே பயமாக இருந்தது. பார்த்தாள். சாரத்தில் குந்தியிருந்த உதயகுமார் வலது கையை நெஞ்சோடு அணைத்திருந்தான்.

"கை...?"

"இருக்கு மேடம். ஸ்பானரை எடுக்க எடை இடுக்குல விட்டிருந்தேன், நீங்க கத்துனதும் இழுத்துட்டேன். சட்டைதான் மாட்டிக் கிழிஞ்சுபோச்சு."

வேல்பாண்டி லாரியை விட்டு இறங்கி வந்தார். "நீங்க கையக் காட்டுனீக, அதான் வந்தேன்ம்மா."

"தப்பு என்மேலதாண்ணே."

உதயகுமார் மேலே வந்து தண்ணீர் குடித்து முடிக்கும்வரை அவள் திரைப் பக்கம் திரும்பவில்லை. அவன்தான் பார்த்தான். பிரேக் அடித்தபோது கோடு ஒருமுறை உயர்ந்து, சட்டென்று அடங்கியிருந்தது.

"குறைஞ்சிருக்கு மேடம்! இன்னொரு தடவை ஓட்டிப் பாப்போமா?"

"பாப்போம். நீங்க என் பக்கத்துல நில்லுங்க." சாரத்தை ஒருமுறை எட்டிப் பார்த்தாள். பிறகு கையை உயர்த்தாமல், வேல்பாண்டிக்குப் போன் போட்டாள்.