முந்தைய நோய்கள்: ஏதுமில்லை

1

இந்தக் கதை ஒரு படிவத்தின் காலிக் கட்டத்தில் பிறந்தது. கடைசியில் சொல்லலாம் என்றிருந்தேன், கோபத்தில் முதலிலேயே வந்துவிட்டது. இருக்கட்டும்.

முதல் தொடக்கம்: "சார்டினியாத் தீவின் மலைகள்மேல் வெயில் மெல்ல" — வேண்டாம். என் அப்பா அந்த மலைக்குள்ளே இருபத்தாறு வருடம் ஈயம் வெட்டினார். வெயிலை ஞாயிற்றுக்கிழமைதான் பார்த்தார்.

இரண்டாவது: அப்பாவோடு ஈயம் வெட்டிய சிசின்னியோ மாமாவின் நெஞ்சிலிருந்து ஒரு லிட்டர் நீர் எடுத்தார்கள். அது என் மேசைக்கு வந்தது. என் பெயர் கிரேகா. மருத்துவமனைச் சோதனைக்கூடத்தில் நீரைச் சுழற்றி, கண்ணாடித் துண்டில் தடவி, சாயம் போடுகிறவள்.

இது போதும்.

2

நுண்ணோக்கியில் பூதம்போல ஒரு உயிரணு, மடிப்பு மடிப்பாகக் கரு. டாக்டர் லிக்கேரி பார்த்ததும் சொன்னார்:

"புற்று."

"பக்கத்துல பாருங்க டாக்டர். சின்னச் செவ்வணு, இன்னும் கருவோட இருக்கு. முத்தாத வெள்ளணுவும் இருக்கு."

"முப்பது வருஷம் சுரங்கம். முதுகெலும்போரம் கட்டி. நெஞ்சுல தண்ணி. உனக்கு இன்னும் என்ன வேணும், தந்தியா?"

"எலும்பு மஜ்ஜைக்குள்ள இருக்க வேண்டிய குடும்பம் மொத்தமா வெளிய வந்து நிக்குது. அந்தப் பெருசு ரத்தத்தட்டு செய்யற அணுவா இருந்தா?"

"நீ சாயம் போடும்மா. நான் பாத்துக்கறேன்."

புற்று என்று அறிக்கையில் கையெழுத்துப் போட்டார்.

(ஓரத்தில் 'எளிமையாக்கு' என்று எழுதியிருக்கிறேன். சரி: மஜ்ஜையில் ஊறும் ரத்தம் போதாதபோது உடம்பு வேறு இடத்தில் ரத்தப் பட்டறை போடும். கட்டி அந்தப் பட்டறைதான். புற்று மருந்து ஏற்றினால் பட்டறையும் சாகும், மஜ்ஜையும் சாகும். மாமாவும்.)

3

முதல் வரைவில் லிக்கேரிக்குத் தங்கக் கடிகாரம் மாட்டியிருந்தேன். கழற்றிவிட்டேன். அவர் கெட்டவரில்லை. கெட்டவராக்கினால் எனக்கு வசதி, அவ்வளவுதான்.

4

இன்று மதியம் வார்டுக்குப் போனேன். மாமா ஆட்டுப் பாலாடைக்கட்டியைக் கத்தியால் சீவிக்கொண்டிருந்தார். மகள் பொனாரியா திட்டிக்கொண்டிருந்தாள்.

"மாமா, உங்களுக்கு ரத்தம் மெலிவா?"

"அதெல்லாம் ஒரு நோயா? எங்க குடும்பத்து மூக்கு மாதிரி அது. எல்லாருக்கும் இருக்கு. உங்கப்பனுக்கும்தான்."

"டாக்டர்கிட்ட சொன்னீங்களா?"

"அவர் கேக்கலையே. அவருக்கும் இருக்கும், மூஞ்சியப் பாத்தியா, சுண்ணாம்பு!"

பொனாரியா சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. நேராக லிக்கேரியிடம் ஓடினேன்.

"வியாழக்கிழமை பேசலாம்" என்றார்.

முதல் மருந்து நாளைச் செவ்வாய், காலை எட்டு மணிக்கு.

5

ஒத்திப்போட்டுக்கொண்டே வந்த இடம் இது.

வார்டிலிருந்து நீரோடு வந்த படிவத்தில் 'முந்தைய நோய்கள்' கட்டம் காலி. இந்தத் தீவில் மெலிந்த ரத்தத்தை, பரம்பரையாக வரும் தலசீமியாவை, யாரும் எழுத மாட்டார்கள். பக்கத்து வீட்டிலும் அதே, எதற்கு எழுத? ஆனால் கட்டத்தைக் காலியாக விட்டால் கணினி அடுத்த பக்கம் போகாது. 'ஏதுமில்லை' என்று தட்டினேன்.

நான்தான். மாமாவின் வெளுத்த முகத்தைச் சின்ன வயதிலிருந்து பார்த்து வளர்ந்த நான். ஒரு போன் பண்ணிக் கேட்டிருந்தால் —

6

முடிவு அ: லிக்கேரி நெற்றியில் அடித்துக்கொள்கிறார். (அடித்துவிட்டேன். மனிதர்கள் வியாழக்கிழமைவரை நெற்றியில் அடித்துக்கொள்வதில்லை.)

முடிவு ஆ: எட்டு மணிக்கு ஊசி ஏறுகிறது. பத்தாம் நாள் மாமாவின் — எழுத மாட்டேன்.

முடிவு இ: சோதனைக்கூடத்து ஆள் நோயாளியிடம் முடிவைப் பேசக் கூடாது, பேசினால் வேலை போகும். போகட்டும் என்று எழுத எவ்வளவு சுலபம்! இந்தப் பக்கங்களை எழுதிய ஒரு மணி நேரமும் நான் மாமாவிடம் போய்ச் சொல்லாமல்தான் இருந்திருக்கிறேன். நீங்களும் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தீர்கள்.

கண்ணாடித் துண்டைப் பெட்டியிலிருந்து எடுத்துக் கோட்டுப் பையில் போட்டுவிட்டேன். தலைநகர் கலியாரியின் பெரிய மருத்துவமனையில் ரத்த நோய் மருத்துவர்கள் இருக்கிறார்கள். ஊசி வேண்டாம் என்று மாமா கையெழுத்துப் போட்டால் போதும். வார்டுக்கு மூன்று மாடி ஏற வேண்டும்.

முடிவை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். காலிக் கட்டம் அங்கேதான் இருக்கிறது. 'ஏதுமில்லை' என்று மட்டும் நிரப்பாதீர்கள்.

நான் படியேறப் போகிறேன்.