பூசணம் பிடிக்காத பால்கோவா

2024ஆம் ஆண்டு நவம்பர் 16, சனிக்கிழமை, காலை பத்து மணிக்கு, ராஜபாளையத்துப் பள்ளி ஒன்றின் கூடத்தில் வட்டார அறிவியல் கண்காட்சி தொடங்கியது. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வந்த ஏழாம் வகுப்பு மாணவி யுவராணிக்குச் சுவரோரமாக ஒரு மேசை ஒதுக்கப்பட்டிருந்தது. மேசைமேல் மூன்று டப்பாக்கள், மூன்றிலும் பால்கோவா. ஒன்று அடுப்படியில் திறந்தபடியும், ஒன்று அலமாரியில் மூடியபடியும், ஒன்று ஃப்ரிட்ஜிலும் இரண்டு வாரம் இருந்தவை. எது முதலில் கெடுகிறது என்று கண்டறிவதே ஆய்வு. எதுவும் கெடவில்லை என்பதே அவள் எழுதிவைத்த முடிவு.

அந்த முடிவு எப்படி வந்தது என்பதை அறிந்தவள் ஒருத்தியே. மேசைக்குப் பின்னால் முந்தானையை முறுக்கிக்கொண்டு நின்ற தாய் காளீஸ்வரிதான் அவள்.

காலாண்டுத் தேர்வு முடிந்து நடந்த பெற்றோர் கூட்டத்தில், அறிவியல் ஆசிரியை ஜெயசித்ரா, "பிள்ளைகள் வீட்டில் சோதனை செய்தால் கூட இருந்து உதவுங்கள்" என்று கேட்டுக்கொண்டார். எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்ட காளீஸ்வரிக்கு அது பெரும் கவலையாகப் போயிற்று. பாடம் சொல்லித்தர இயலாதவள் எதைக் கொண்டு உதவுவாள்? தெரிந்ததைக் கொண்டு உதவினாள்.

அவளுக்குத் தெரிந்தது பால்கோவா. கணவன் விஜயபாண்டி சொந்த அடுப்பில் பால்கோவா கிண்டி விற்பவன். பழைய சரக்கு வீட்டில் தங்கக் கூடாது என்பது அந்தக் குடும்பத்தின் கண்டிப்பான வழக்கம். மணம் சற்றே மாறினாலும் கொட்டிவிட்டு, பாத்திரத்தைக் கழுவி, புதியதை நிரப்பிவிடுவார்கள். மகளோ பெருமையாக மூன்று டப்பாக்களிலும் கடைப் பெயர்ச்சீட்டை ஒட்டிவிட்டாள். அடுப்படி டப்பாவில் வெள்ளையாய் ஒரு பொட்டுத் தென்பட்ட காலையில் காளீஸ்வரிக்குக் கடையின் பெயர்தான் முதலில் நினைவுக்கு வந்தது. விஜயபாண்டி கடைச் சரக்குப் பூசணம் பிடித்தது என்று பள்ளிக்கூடமே பார்க்கவா? யுவராணி பள்ளிக்குப் போனதும் கொட்டினாள், கழுவினாள், நிரப்பினாள். அதன் பிறகு பூசணம் தலைகாட்டும்வரை காத்திராமல் தினமும் மாற்றினாள்.

மாலைதோறும் டப்பாக்களைக் குனிந்து பார்த்த மகளின் முகம்தான் நாளுக்கு நாள் வாடிற்று. "எனக்குப் பாக்கத் தெரியலம்மா. சயின்ஸே எனக்கு வராது போல" என்று ஒருநாள் சொல்லவும் செய்தாள். அப்போதே தாய் வாயைத் திறந்திருக்க வேண்டும், திறக்கவில்லை.

நடுவராக வந்தவர் பரிபூரணம், கல்லூரியில் நுண்ணுயிரியல் கற்பிப்பவர். முதல் டப்பாவை எடுத்து முகர்ந்தார்.

"ரெண்டு வாரம் திறந்து கிடந்ததா இது? நேத்துக் கிண்டின மாதிரில்ல மணக்குது!"

பக்கத்து மேசைப் பிள்ளைகள் சிரித்தார்கள்.

"தெனமும் பாத்தேன் மேடம். மாறவே இல்ல."

"பாத்தியா, பாக்காமலே எழுதிட்டியா? மாறலன்னா ஏன் மாறலன்னு யோசிச்சியா?"

யுவராணி டப்பாக்களைத் திரும்பவும் பார்த்தாள். "நான்தான் தப்பாச் செஞ்சிட்டேன் போல மேடம்" என்றாள். நடுவர் பேனாவைத் திறந்தார்.

கடைப் பெயர் ஒருபுறம், மகள் ஒருபுறம். காளீஸ்வரிக்கு அதற்கு மேல் தராசு தேவைப்படவில்லை.

"எழுதாதீங்க மேடம்! அவ ஒரு தப்பும் செய்யல. பூசணம் வந்துச்சு. நாந்தான் எடுத்துக் கொட்டிட்டுப் புதுசு வச்சேன். எம் புள்ளையப் பொய் சொன்னான்னு மட்டும் சொல்லிராதீங்க."

யுவராணி திரும்பினாள். "எம்மா! எத்தன தடவ?"

"எண்ணலட்டி. ஃப்ரிட்ஜுல இருந்ததையும் சேத்துத்தான் மாத்துனேன்."

"அது உன்ன என்ன பண்ணுச்சு?"

"ஒண்ண மட்டும் மாத்துனா நல்லா இருக்காதுன்னுதான்..."

பரிபூரணம் பேனாவை மூடிவிட்டுச் சிரித்தார், ஏளனச் சிரிப்பன்று. அருகில் வந்து நின்ற ஜெயசித்ரா நெற்றியில் கைவைத்துக்கொண்டார்.

"கடை பேரு கெட்டிரும்னு பயந்துட்டேன் மேடம்" என்றாள் காளீஸ்வரி.

"ஏம்மா, பாலும் சர்க்கரையும் மட்டும் போட்டுக் கிண்டினது இந்த ஊர் வெக்கையில திறந்து கிடந்தாப் பூசணம் பிடிக்கத்தான் செய்யும். பிடிக்காம இருந்தாத்தான், இதுல என்னத்தக் கலந்தாங்கன்னு நான் சந்தேகப்படுவேன்" என்றார் பரிபூரணம். பிறகு யுவராணியிடம், "நீ பாத்தது சரி. பாத்ததத்தான் எழுதியிருக்க. டப்பாவுல இருந்ததுதான் வேற" என்றார்.

"அப்போ எனக்குப் பாக்கத் தெரியுதா மேடம்?"

"நல்லாவே தெரியுது."

குழந்தையின் முகத்தில் அப்போது வந்த வெளிச்சத்தைக் கண்டதும், இத்தனை நாளாகக் காளீஸ்வரியின் நெஞ்சை அழுத்திக்கொண்டிருந்த பாரம் இறங்கிற்று. அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தன.

"கூட இருங்கன்னுதானம்மா சொன்னேன், கொட்டுங்கன்னா சொன்னேன்?" என்றார் ஜெயசித்ரா. "சாயந்தரம் அவ பக்கத்துல உக்காந்து, என்ன தெரியுது, ஏன் அப்படின்னு நீ நினைக்கிறன்னு கேளுங்க. அது போதும். பதில் உங்களுக்குத் தெரியணும்னு இல்ல."

"அம்புட்டுத்தானா டீச்சர்? அது எனக்கு வருமே!"

மதியம் விஜயபாண்டிக்கு அலைபேசியில் எல்லாவற்றையும் சொன்னாள். மறுமுனையிலிருந்து, "தெனமும் ஒரு கை சரக்குக் கொறையுதேன்னு நான் எலிப்பொறியில்லட்டி வாங்கி வச்சேன்!" என்று குரல் வந்தது.

இறுதியில் முடிவானது பின்வருமாறு. யுவராணியின் ஆய்வு அந்த ஆண்டுப் போட்டியிலிருந்து விலக்கிக்கொள்ளப்பட்டது. அவள் பெயர்மீது எந்தக் குறையும் எழுதப்படவில்லை. அடுத்த திங்கட்கிழமை அவள் சோதனையை முதலிலிருந்து தொடங்கி, பிப்ரவரியில் பள்ளியின் அறிவியல் நாளன்று முடிவைக் காட்டுவாள். இம்முறை எல்லா டப்பாக்களும் மூடியே இருக்கும்; பூசணம் பிடித்ததை யாரும் திறக்கவோ முகரவோ மாட்டார்கள். கடைப் பெயர்ச்சீட்டை எடுக்கத் தேவையில்லை என்று விஜயபாண்டியே சொல்லிவிட்டான். காளீஸ்வரி மாலையில் மகளருகே உட்கார்ந்து கேள்வி கேட்பாள். டப்பாக்களைத் தொட மாட்டாள்.