எரிமலைக்குத் தைத்த கறுப்புச் சட்டை

கம்பெனிக்குப் பேர் மாற்றப் போகிறார்கள் என்ற சேதி எனக்குத்தான் கடைசியாக வந்தது. என் மனைவி தையல் மெஷினில் உட்கார்ந்து, தன் தம்பியின் மேலங்கியில் பொன்னிற எழுத்துகளை வைத்துத் தைத்துக்கொண்டிருந்தாள். 'சர்வதேச மல்யுத்தப் பேரரசு.' எங்கள் வேனுக்குப் பக்கத்து ஊர் போவதற்குள்ளேயே மூச்சு வாங்கும். இதில் சர்வதேசமாம், பேரரசாம்!

"எப்பலேர்ந்து தெரியும் உனக்கு?"

"கத்தாதீங்க. அவன் எல்லார் நல்லதுக்கும்தான் செய்றான்" என்றாள். தலை நிமிரவில்லை.

தகரக் கொட்டகையில் பழைய மெத்தைகளை அடுக்கி, சுற்றிலும் கயிறு கட்டி முதல் ஆட்டம் போட்டவன் நான். மேடையில் என் பேர் எரிமலை. அதனால்தான் எரிமலை மல்யுத்தக் குழு. டிக்கெட் கிழிக்க வந்த மச்சினனுக்குச் சூறாவளி என்று பேர் வைத்து மேடையேற்றியதும் நானே. முட்டி தேய்ந்து நான் படுத்த சமயம் பார்த்துக் கம்பெனியைச் சுருட்டிக்கொண்டான். பேரை மட்டும்தான் விட்டுவைத்திருந்தான்.

எங்கள் தொழிலில் யார் ஜெயிப்பது என்பதை உடை மாற்றும் அறையிலேயே பேசி முடித்துவிடுவோம். அன்று ராத்திரி ஆட்டத்துக்கும் அப்படித்தான்.

"இன்னிக்கு நீங்க விழறீங்க மாமா. ஜெயிச்சதும் மைக்க வாங்கிப் புதுப் பேரச் சொல்லிடுவேன்" என்றான் மச்சினன்.

"அது என் பேருடா."

"நம்ம ஆட்டத்த டிவில போடுங்கன்னு கேட்டா, அந்தப் பேரக் கேட்டே டிவிக்காரன் சிரிக்கிறான்."

நடுவர் ஷூ கயிற்றைக் கட்டுகிற சாக்கில் குனிந்துகொண்டார்.

இன்னொரு வழக்கமும் உண்டு. பிடியில் சிக்கியவன், பிடித்தவனின் மணிக்கட்டை அமுக்கினால் 'நிஜமாகவே வலிக்கிறது' என்று அர்த்தம். உடனே விட்டுவிட வேண்டும். ஜென்ம விரோதியானாலும் விடுவோம். அந்த நம்பிக்கையில்தான் உடம்பை அடுத்தவன் கையில் கொடுக்கிறோம்.

அன்று நான் விழவில்லை. அவன் கையை முதுகுக்குப் பின்னால் முறுக்கினேன். அமுக்கினான். விடவில்லை. மறுபடி அமுக்கினான்.

"மாமா, வலிக்குது!"

"பேர மாத்தலன்னு சொல்லு."

"மாட்டேன்!"

தோளில் மளுக்கென்று ஏதோ நழுவியது. அவன் அலறினான்.

நடுவர் ஓடிவந்து எங்களைப் பிரித்தார். கூட்டமோ எழுந்து நின்று விசிலடித்தது. முன்வரிசை ஆள் ஒருவர், "என்னமா நடிக்கிறானுங்க!" என்று கத்தினார்.

மச்சினன் தொங்கிய கையோடு எழுந்து கூட்டத்தை ஒரு பார்வை பார்த்தான். படுபாவிக்கு அந்த வலியிலும் மூளை வேலை செய்தது. நல்ல கையால் மைக்கை வாங்கினான்.

"பாத்தீங்களா? சொந்த மாமாவே கைய ஒடிச்சிட்டாரு! எரிமலை இன்னியோட அணைஞ்சுது. இனிமே இது சர்வதேச மல்யுத்தப் பேரரசு!"

அத்தனை பேரும் சேர்ந்து அந்தப் பேரைக் கத்தினார்கள். எனக்கும் ஒரு பேர் கிடைத்தது: துரோகி.

மறுநாள் கையில் கட்டோடு வீட்டுக்கு வந்தான். "உங்கள ஜென்மத்துக்கும் மன்னிக்க மாட்டேன் மாமா. ஆனா புதுக் கம்பெனிக்கு ஒரு வில்லன் வேணும். கை சரியானதும் அதே பிடியப் போடுங்க. இந்தத் தடவ அமுக்கினா விட்டுடணும்."

செருப்பால் அடிப்பேன் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். ஆனால் அந்த விசில் சத்தம் இன்னும் காதிலேயே நின்றது. எனக்கு விசில் விழுந்து எத்தனையோ வருஷம் ஆயிற்று. என்மேலேயே எனக்கு வெறுப்பாக இருந்தது.

மனைவி கறுப்புத் துணியும் அளவு நாடாவுமாக வந்து நின்றாள்.

"கையத் தூக்குங்க" என்றாள்.

தூக்கினேன்.