பதினேழாவது பை மணல்

கிருஷாந்தி நான்கு நாள் லீவில் மலையகத்து நோட்டன் பிரிட்ஜில் இருக்கும் வீட்டுக்கு வந்தபோது ஒரு பெட்டி நிறையக் கடற்கரை மணலைக் கொண்டுவந்திருந்தாள். கொழும்புக்கு வடக்கே, ஞாயிற்றுக்கிழமைகளில் சனம் நிரம்பும் ஒரு கடற்கரையில் மண் எவ்வளவு கெட்டுப்போயிருக்கிறது என்று பார்க்கும் ஆய்வில் அவளுக்கு வேலை. இருபது பை மணலிலும் உள்ள பிளாஸ்டிக் துணுக்குகளைப் பொறுக்கி எண்ண வேண்டும். பதினாறு பைகளை ஏற்கெனவே முடித்து, மணலைத் திரும்ப அந்தந்தப் பையிலேயே கட்டி வைத்திருந்தாள்.

அம்மா நாகலெட்சுமி பெட்டியைப் பார்த்துவிட்டு அடுப்படிக்குப் போனாள். பக்கத்துத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் கிடைத்த டீச்சர் வேலையை மகள் வேண்டாமென்ற நாளிலிருந்து இருவருக்கும் பேச்சு குறைந்துபோயிருந்தது.

மறுநாள் பின்னேரம் கிருஷாந்தி ஜன்னலோரம் வெள்ளைத் தட்டில் பதினேழாவது பை மணலைப் பரப்பி, சின்ன இடுக்கியால் பொறுக்கி எண்ணி முடித்தாள். முப்பத்தெட்டு. வேலை முடிந்து வந்த அம்மா பின்னால் நின்று பார்த்தாள். தோட்டத்தில் தேயிலை அரைக்கும் ஸ்டோரில் தூளிலிருந்து குச்சி பொறுக்குவது பத்தொன்பது வருடமாக அவள் வேலை.

"அந்த ஓரத்துல ஒன்ன விட்டுட்ட."

"எங்கம்மா?"

மணலின் நிறத்திலேயே ஒரு மெல்லிய நார். அம்மா மகளைத் தள்ளி உட்காரச் சொல்லிவிட்டுத் தட்டைத் தன் பக்கம் இழுத்தாள். அரை மணி நேரத்தில் இன்னும் இருபத்துமூன்று துணுக்குகள் வந்தன.

கிருஷாந்தி அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்படியானால் முதல் பதினாறு பைகளின் கணக்கும் தப்பு. கண் கலங்கியது.

"இதுக்குப் போயி அழுவாங்களா? மொத வருசம் எனக்கும் கண்ணு புடிபடல. நா பொறுக்குனத அப்புடியே திருப்பிக் கொட்டிட்டாங்க" என்றாள் அம்மா. "எல்லாத்தையும் மறுபடி பாப்போம். நாளைக்கும் மறுநாளும் நா வேலைக்குப் போகல."

இரண்டு நாளும் ஒரே தட்டில் குனிந்திருந்தார்கள். ஒரு நீல நாரை அம்மா உள்ளங்கையில் வைத்துத் தேய்த்துப் பார்த்தாள்.

"இது தேயிலைக்குப் போடுற ஒர பேக்கு நூலு மாதிரியில்ல இருக்கு. நம்ம ஆத்துல போனதா?"

"நம்ம ஆறும் கடைசியில அந்தப் பக்கந்தாம்மா போயி கடல்ல விழுது. ஆனா இது இங்க உள்ளதுன்னு சொல்ல முடியாது. எங்க இருந்து வேணாலும் வந்திருக்கலாம்."

அம்மா நாரைத் தட்டின் ஓரத்தில் வைத்தாள். பிறகு, "அங்க புள்ளைங்க வெளையாடுமா?" என்று கேட்டாள்.

"நெறைய. மண்ணுல வீடு கட்டுங்க."

"அப்ப நல்லாப் பாத்து எண்ணு."

கடைசிப் பை முடிந்ததும் கிருஷாந்தி ஆய்வுக்குப் பொறுப்பான மெடத்துக்கு போன் செய்தாள். தன் பழைய கணக்கு குறைவு என்பதையும், அதைக் கண்டுபிடித்தது யார் என்பதையும் மறைக்காமல் சொன்னாள். மெடம் முதலில் கோபப்பட்டார். பிறகு இரண்டு கணக்கையும் அனுப்பச் சொன்னார். அறிக்கையில் சேர்க்க அம்மாவின் முழுப் பெயரையும் கேட்டார். கிருஷாந்தி அதைச் சொன்னதும் அடுப்படியில் அம்மாவின் பாத்திரச் சத்தம் அப்படியே நின்றுபோனது.

மறுநாள் காலை பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் அம்மாவும் வந்தாள். பெட்டியைக் கையில் கொடுக்கும்போது மெதுவாகக் கேட்டாள்.

"நா கடலப் பாத்ததில்லடி. அங்க வந்தா ஒரு நாளு தங்க எடமிருக்குமா?"

"ஒரு வாரமே தங்கலாம்மா. எப்ப வாறீங்க?"

பஸ் வந்து நின்றது. கிருஷாந்தி ஏறவில்லை. அடுத்த பஸ்ஸுக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. பெட்டியைக் கீழே வைத்துவிட்டு அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.