ஆளுக்கு நாற்பத்தொன்பதாயிரம்

அஞ்சு லட்சம்னா பெரிய மூட்டையா இருக்கும்னுதான் நானும் நெனச்சுட்டு இருந்தேன். பேங்க்ல கேஷியர் கண்ணாடிக்குக் கீழ இருக்கிற சந்துல பத்துக் கட்டு ஐந்நூறு ரூபா நோட்டைத் தள்ளினப்போ, "இவ்ளோதானா சார்?"னு வாய்விட்டே கேட்டுட்டேன். அந்த மனுசன் சிரிக்கல. "எண்ணிப் பாத்துக்கோம்மா"ன்னார். ஒரு கிலோ துவரம்பருப்பு கனம்தான் இருந்துச்சு. இந்தக் கனத்துக்காகத்தான் எங்கம்மா காளியம்மா ஏழு வருசமா சொந்தக் கொல்லையிலேயே கூலிக்குக் களை எடுத்துட்டு இருந்தா. நெனச்சாலே எனக்கு வயிறு எரியும்.

எங்க ஊரு பர்கூர் பக்கம். ரெண்டு ஏக்கர் கொல்லை. அப்பா போர் போட்டார், தண்ணிக்குப் பதிலா புகைதான் வந்துச்சு. இன்னொண்ணு போட்டார், அதுலயும் புகை. விடுவாரா? மூணாவது போருக்கும் பழைய கடனுக்கும் சேர்த்து நிலத்தை திம்மப்ப மாமாகிட்ட அஞ்சு லட்சத்துக்குப் போக்கியம் விட்டார். மாமான்னா ரத்த சொந்தம் இல்ல, அம்மா அவரை அண்ணான்னு கூப்பிடுவா, அவ்ளோதான். போக்கியத்துக்கு வட்டி கிடையாது. வாங்கின முதலைத் திருப்பிக் குடுக்கற வரைக்கும் அவர் நம்ம நிலத்துல பயிர் வெச்சுக்கலாம். கணக்கு யுகாதிக்கு யுகாதி. யுகாதி அன்னைக்கு அவர் வருசத்தோட முதல் உழவுக்குப் பொன்னேர் பூட்டறதுக்குள்ள மொத்தப் பணமும் அவர் கைக்குப் போயிடணும். ஏர் உள்ள இறங்கிடுச்சுன்னா அந்த வருசமும் அவருதுதான். மூணாவது போர்லயும் புகைதான் வந்துச்சு. அப்பாவும் போய்ச் சேர்ந்துட்டார்.

ஓசூர் கம்பெனியில நான் ஒயர் கட்டற லைன்ல இருக்கேன். சீட்டு எடுத்து, பி.எஃப்.ல அட்வான்ஸ் வாங்கி, என் வீட்டுக்காரர் அண்ணாதுரை ஓ.டி. பாத்த காசையும் போட்டு, இந்த வருசம்தான் அஞ்சு லட்சம் நிறைஞ்சுது. அக்கவுண்ட்ல போட்டுடறேன் மாமான்னேன். "கையில குடுத்தேன், கையிலதான் வாங்குவேன்"னுட்டார் திம்மப்ப மாமா. சரி, அது அவர் பிடிவாதம்.

ஆனா பாருங்க, எலெக்ஷன் நேரம். ரோட்டுல எங்க பாத்தாலும் பறக்கும் படை. அம்பதாயிரத்துக்கு மேல கையில இருந்தா புடுங்கிக்குவாங்க, அப்புறம் ஆபீஸ் ஆபீஸா அலைஞ்சுதான் வாங்கணும்னு என் வீட்டுக்காரர் எங்கயோ கேட்டுட்டு வந்து புலம்ப ஆரம்பிச்சுட்டார். "பேங்க்ல பணம் எடுத்த சீட்டு இருக்குதுல்ல, அதைக் காட்டினா விட்டுடுவாங்க"ன்னேன். கேட்டாத்தானே! பயத்துல அவருக்குக் காய்ச்சலே வந்துடும் போல இருந்துச்சு.

கேன்டீன்ல இதைச் சொன்னேன். எங்க லைன் லீடர் சரிதா, தளி பக்கத்துக்காரி, சாம்பார் சாதத்தை அப்படியே வெச்சுட்டு, "அய்யோ, இதுக்கா இவ்ளோ யோசனை? நாம பத்து பேர் இருக்கோம். ஆளுக்கு நாற்பத்தொன்பதாயிரம். எந்த ஆபீசர் என்ன கேக்க முடியும்? யுகாதிக்கு எப்படியும் லீவு. உங்க ஊருக்கு டூர் வந்த மாதிரியும் ஆச்சு"ன்னா. கட்டுக்கு ரெண்டு நோட்டு உருவினா சரியா வந்துச்சு. உருவின பத்தாயிரம் என் வீட்டுக்காரர் பாக்கெட்டுக்குப் போச்சு. யுகாதிக்கு முந்தின நாளே ஆளுக்கு ஒரு கட்டாக் குடுத்துட்டேன். அடுத்தவ காசை ஒரு ராத்திரி வீட்ல வெச்சுக்கறது சும்மாவா? ஒருத்திகூட முகம் சுளிக்கல. அன்னைக்கு நான் கழிவறைக்குள்ள போய் நின்னு அழுதேன், அது வேற கதை.

யுகாதி காலையில ஓசூர் பஸ் ஸ்டாண்டே எங்க சத்தத்துல அதிர்ந்துச்சு. பட்டுப்புடவை என்ன, கனகாம்பரம் என்ன! ராமநாதபுரத்துக்காரி இருளாயி ஒரு தூக்கு நிறைய புளியோதரை கட்டிட்டு வந்திருந்தா. "யாராச்சும் கேட்டா ஆளுக்கு ஒரு காரணம் சொல்லணும், ஒரே மாதிரி சொன்னா மாட்டிக்குவோம்"னு சரிதா பஸ்லயே கிளாஸ் எடுத்தா. ஒருத்தி மாடு வாங்கப் போறா, ஒருத்தி காலேஜ் ஃபீஸ், ஒருத்திக்கு நகை மீட்கணும். புத்திசாலிங்கதான்!

சூளகிரி தாண்டினதும் பஸ்ஸை ஓரங்கட்டினாங்க. ஒரு ஆபீசர், ஒரு லேடி போலீஸ், ஒரு வீடியோ கேமராக்காரர். லேடி போலீஸ் முதல் சீட்ல சரிதா பையைத் திறந்தாங்க. பணம். அடுத்து என் பை. பணம். மூணாவது பையைத் திறக்கறதுக்கு முன்னாடியே நிமிர்ந்து எங்க எல்லாரையும் ஒரு தடவை பாத்தாங்க. அப்பதான் எனக்கே உறைச்சுது. பத்து பேர் மடியிலயும் ஒரே மாதிரி நீலக்கலர் டிபன் பை. ஆயுத பூஜைக்குக் கம்பெனியில குடுத்தது. பழக்க தோஷம், ஆளாளுக்கு அதையே தூக்கிட்டு வந்துட்டோம். உள்ள ஒரே பேங்க் காகிதம் சுத்தின கட்டு. ஒவ்வொண்ணுலயும் நாற்பத்தொன்பதாயிரம்.

"எந்தக் கட்சிம்மா?"ன்னார் ஆபீசர். "எந்த ஊருக்குப் பட்டுவாடா?"

"மாடு வாங்கப் போறேன் சார்"னா ஒருத்தி.

"மகளுக்குச் சடங்கு வெச்சிருக்கேன் சார்"னா இருளாயி.

"மகளுக்கு என்ன வயசு?"

இருளாயி முழிச்சா. "ரெண்டும் பயலுக சார்"னு உண்மையைச் சொல்லிட்டா.

பஸ்ஸே கொல்லுனு சிரிச்சுது. நான் ஜன்னலுக்கு வெளிய பாத்தேன். வெயில் ஏறிட்டே இருக்குது, அங்க திம்மப்ப மாமா ஏர் பூட்டிட்டா இன்னொரு வருசம். அம்மா இன்னொரு வருசம் அவர்கிட்ட கூலிக்குக் கை நீட்டணும். எனக்குக் கோவம் மூக்கு நுனியில இருக்கும்னு என் வீட்டுக்காரர் சொல்லுவார், அது அன்னைக்கு மூக்கைத் தாண்டிடுச்சு.

"கட்சியும் இல்ல, கருமாதியும் இல்ல சார்! அத்தனையும் என் காசு! போக்கியத்தை மீட்கப் போறேன். நீங்க புடிச்சுக்குவீங்கன்னு பயந்துதான் இந்தக் கூத்து. ஏங்க, அந்தச் சீட்டை எடுங்க!"

பின் சீட்ல இருந்த என் வீட்டுக்காரர் பாக்கெட்ல இருந்து எடுத்தார். வேர்வையில நனைஞ்சு அப்பள மாவு மாதிரி இருந்துச்சு. ஆபீசர் அதை விரிச்சுப் படிச்சார். "சீட்டு ஒருத்தர் பேர்ல, பணம் பத்து பேர் கையில, ஆளுக்கு ஒரு கதை. நான் எதைம்மா நம்பறது? யாருக்குக் குடுக்கப் போறீங்களோ அவருக்குப் போன் போடுங்க. ஸ்பீக்கர்ல."

நம்பரைத் தேடறப்பவே எனக்கு யோசனை ஓடுச்சு. நான் போய்ச் சேராம போனா லாபம் யாருக்கு? திம்மப்ப மாமாவுக்குத்தான். அவர் "எனக்கு ஒண்ணும் தெரியாது சார்"னு ஒரு வார்த்தை சொன்னா போதும்.

"ஏமம்மா காவேரி, எங்க இருக்கே?"ன்னு பாதித் தெலுங்குல கேட்டார் மாமா. அவர் குரலுக்குப் பின்னாடி டிராக்டர் ஓடற சத்தம் டபடபன்னு கேட்டுச்சு. ஏரை இறக்கிட்டாரோன்னு எனக்கு உயிரே போயிடுச்சு. ஆபீசர் போனை வாங்கி விசாரிச்சார்.

"ஆமா சார், அஞ்சு லட்சம், எனக்குத்தான் வரணும். இன்னைக்கு வந்தா நிலம் அவங்களது, வரலைன்னா இன்னும் ஒரு வருசம் என்னுது."

"அப்போ நான் இவங்களை இங்கயே உக்கார வெச்சா உங்களுக்கு நல்லதுதானே?"

டிராக்டர் சத்தத்துக்கு மேல மாமா குரலை ஏத்திச் சொன்னார், "சார், பண்டிகை நாளும் அதுவுமா என்னைப் பாவத்துல தள்ளாதீங்க. அவளை அனுப்பி விடுங்க."

ஆபீசர் எழுதிக்கிட்டார், வீடியோ எடுத்துக்கிட்டார், ஆதார் பாத்தார். கடைசியில சீட்டை என் கையில குடுத்து, "மொத்தத்தையும் ஒரே பையில போட்டு இந்தச் சீட்டைக் காட்டியிருந்தா ரெண்டு நிமிசத்துல விட்டிருப்பேம்மா"ன்னார். நான் என் வீட்டுக்காரரை ஒரு பார்வை பாத்தேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டார்.

பஸ் கிளம்பினதும் கண்டக்டரே விசில் அடிச்சார். புளியோதரை பஸ் முழுக்கப் போச்சு. நான் ஒரு வாய்கூடத் திங்கல. காதுல அந்த டிராக்டர் சத்தமே ஓடிட்டு இருந்துச்சு. கிருஷ்ணகிரியில மாறி, பர்கூர்ல ரெண்டு ஆட்டோ புடிச்சு, ஊருக்குள்ள இறங்கறப்போ உச்சி வெயில். ஓடினேன்.

கொல்லையில டிராக்டர் நிக்குது. பாதி நிலம் உழுதாச்சு, மண்ணு செவசெவன்னு புரண்டு கிடக்குது. வரப்புல புங்க மரத்தடியில திம்மப்ப மாமா டீ குடிச்சுட்டு உக்காந்திருக்கார். வந்துச்சு பாருங்க எனக்கு!

"நல்லா இருக்குதா மாமா? போன்ல அனுப்புங்கன்னு சொல்லிட்டு இங்க ஏரை இறக்கிட்டீங்களா? ஒரு மணி நேரம் பொறுக்க முடியலையா? நீங்க எல்லாம் பெரிய மனுசனா?" வாய்க்கு வந்ததை எல்லாம் பேசினேன். பின்னாடியே ஒன்பது பட்டுப்புடவையும் மூச்சு வாங்க வந்து நின்னுச்சு.

மாமா டீயை நிதானமாக் குடிச்சு முடிச்சார். "முடிஞ்சுதா? அது யாரு டிராக்டர்னு பாத்தியா?"

பாத்தேன். அவர் டிராக்டர் பச்சை. இது சிவப்பு, பக்கத்து ஊர் மாதேஸ்வரன் வாடகைக்கு ஓட்டறது. சக்கரத்துக்கு மேல இருக்கிற மட்கார்டுல, தலையில துண்டு கட்டிட்டு, மகாராணி கணக்கா உக்காந்திருக்கிறது யாரு? எங்கம்மா.

"விடியக்காலையிலேயே மாதேஸ்வரனைக் கூட்டிட்டு வந்துட்டா. வாடகை, கூலிக் காசுல சேத்து வெச்சதாம்"னார் மாமா. "பணம் இன்னும் வரலையே காளியம்மா, வராம போனா நீ என்ன பண்ணுவேன்னு கேட்டேன். 'எம்பொண்ணு கிளம்பிட்டா, நீ தள்ளி உக்காரு'ன்னுட்டா. அவகிட்ட யாரு பேசறது?"

எனக்குச் சிரிப்பு வந்துச்சு, அழுகையும் வந்துச்சு, ரெண்டும் ஒண்ணா வந்தா மூக்குதான் ஒழுகுது. மாமாகிட்ட, "மன்னிச்சுக்கோங்க, வாய் எனக்குக் கொஞ்சம் நீளம்"னேன். "கொஞ்சமா?"ன்னார்.

வெத்தலை பாக்கு மேல வெச்சு, பத்து பையில இருந்தும் பத்துக் கட்டு, என் வீட்டுக்காரர் பாக்கெட்ல இருந்து மீதி. ஒவ்வொருத்தியா வந்து மாமா கையில வெச்சா. அவர் துண்டை விரிச்சு வாங்கி, அங்கயே எண்ணினார், ஒத்தக் காசு குறையல. போக்கியப் பத்திரத்தை எல்லார் முன்னாடியும் கிழிச்சுக் குடுத்தார். டிராக்டர்ல இருந்து அம்மா இறங்கி வந்தா. காலெல்லாம் செம்மண்ணு. என் கன்னத்தைத் தொட்டு, "சாப்பிட்டியா?"ன்னா. வேற ஒண்ணும் கேக்கல.

மாமா துண்டை முடிஞ்சு எழுந்தார். ஏழு வருசப் பழக்கம், போற போக்குல திரும்பி, "காளியம்மா, நாளைக்கு என் தக்காளிக் கொல்லையில களை எடுக்கணும், வெள்ளனே வந்துடு"ன்னார்.

அம்மா இடுப்புல கை வெச்சு நிமிர்ந்து நின்னா. அவ அப்படி நின்னு நான் பாத்து வருசக்கணக்காச்சு.

"எனக்கு என் கொல்லையிலயே வேலை கிடக்குது அண்ணா. நீ வேற ஆளைப் பாரு."